தண்ணீர் வரும் நேரத்துக்குக் கீழே பிரான்சு தேர்தல்

11 ஜூன் 2024, காலை. ஒரு வாசகர் கேட்டது:

கடலூரில் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒரு மனைத் தரகர். சங்கத்தின் கரும்பலகையில், குடிநீர் வரும் நேரத்துக்கும் குப்பை வண்டி வரும் நேரத்துக்கும் கீழே, நேற்று அவர் ‘பிரான்சில் நாடாளுமன்றம் கலைப்பு, ஜூன் 30இல் தேர்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறார். முன்பு ஒரு முறை, கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதைப் பற்றி எழுதினார். கமிஷன் வாங்கிப் பிழைப்பவருக்கு ஊர்ப்பணியும் உலகச் செய்தியும் எதற்கு? இரண்டுமே விளம்பரம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

11 ஜூன், இரவு

அந்தப் பலகையில் எழுதியவன் நான்தான். ஆகவே மறுக்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். விளம்பரம் என்றது பாதி சரி. என் கைப்பேசி எண்ணை அங்கே எழுதியதில்லை என்று சொல்லித் தப்பிக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தெருவில் என் எண் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்?

மீதிப் பாதிக்கு வருகிறேன். 1996 முதல் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு, கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு, மனை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கிறேன். இன்று என் மேசையில் இருக்கும் கோப்பு ஒன்றைச் சொல்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு. கட்டியவர் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது படைவீரர். தாய்ப்பத்திரம் பிரெஞ்சு மொழியில், நொத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திர அலுவலர் எழுதியது. வாரிசுகள் மூவரும் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர்கள். ஒருவர் இங்கே, இருவர் பிரான்சில். அங்கிருக்கும் இருவரும் பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அதற்கு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது அந்நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் செல்லும் என்று சான்று தரும் அப்போஸ்தில் முத்திரை பெற வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும். இவ்வளவும் பேசி முடித்து, வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்த நேரத்தில், அங்கிருக்கும் ஒருவர் நேற்று அழைத்து, “தேர்தல் முடியட்டும் சார், யூரோ எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். பாரிசில் ஒருவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தால் முத்தியால்பேட்டையில் ஒரு கிரயம் தள்ளிப் போகிறது. இதைக் கவனிக்காமல் இந்த ஊரில் தரகு செய்ய முடியாது.

12 ஜூன்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. அந்தக் கோப்பு புதுச்சேரியைச் சேர்ந்தது. பலகை இருப்பதோ கடலூரில், பிரெஞ்சு வாக்காளர் ஒருவர்கூட இல்லாத தெருவில். அப்படியானால் நான் அதை எழுதியது தெருவுக்காக அல்ல, எனக்குத் தெரியும் என்று தெரு தெரிந்துகொள்வதற்காக. கேள்வி கேட்டவருக்கு ஒரு மதிப்பெண்.

16 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை, பத்திரப் பதிவு இல்லை, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உலக நடப்பும் நிலமும் வேறு வேறு என்று வாதிடும் ஒரு நண்பரைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போய்க் கெடிலக் கரையில் மிஞ்சியிருக்கும் கோட்டைச் சுவரைக் காட்டினேன். 1690இல் ஆங்கிலேயர்கள் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். நான்கெல்லை எப்படி எழுதினார்கள் என்பதுதான் என் தொழில்காரர்கள் அறிய வேண்டியது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்ன வாய்க்கால் என்றெல்லாம் எழுதவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரமும் கிரயத்தில் அடக்கம். பல திசைகளிலும் சுட்டுப் பார்த்தார்கள். எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அளவையர் சங்கிலி போட்டிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது. நல்ல வெடிமருந்தும் நல்ல பீரங்கியும் வைத்திருந்தவர் பக்கம் அளவு கூடியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இதைவிட வேடிக்கை. ஆஸ்திரியாவின் அரியணைக்கு யார் வாரிசு என்று ஐரோப்பாவில் சண்டை. அதன் காரணமாக 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயரின் சோழமண்டலத் தலைமையிடம் கடலூருக்கு, இதே கோட்டைக்கு மாறியது. 1752 வரை இங்கேதான் இருந்தது. சமாதானத்தின்போது வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பூர் கோட்டையைப் பிரான்சு பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சென்னையைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் மொழியில் இது பரிவர்த்தனைப் பத்திரம். கனடாவின் குளிரில் கிடக்கும் ஒரு கோட்டைக்குச் சென்னைப் பட்டணம் மாற்று. இந்தப் பரிமாற்றம் 1746இலேயே முடிந்துவிட்டது. இரு பக்கமும் ஆளுக்கு 1 விழுக்காடு கமிஷன் வாங்கியிருந்தால் அந்தத் தரகரின் பேரப்பிள்ளைகள்கூட வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

18 ஜூன்

ஒருவர் ஆண்டைத் திருத்தினார். அவர் சொல்வதே சரி. 1746இல் முடிந்தது என்று நான் எழுதியது தவறு. அது சென்னை பிடிபட்ட ஆண்டு. ஒப்பந்தம் 1748இல் ஆனது. ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1749இல். ஒப்பந்தத் தேதிக்கும் சுவாதீனத் தேதிக்கும் வேறுபாடு தெரியாத தரகர் என்று அவர் கேலி செய்திருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கேலியால் எனக்கு ஒரு நன்மை நடந்தது. புதுச்சேரியின் இணைப்பை இளைஞர்களுக்கு விளக்க நான் படாத பாடு படுவேன். இப்போது வழி கிடைத்துவிட்டது. 1954 அக்டோபர் 18இல் கிழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அது வாய்ப்பேச்சு முடிந்த நாள். நவம்பர் 1 சுவாதீனம். 1956 மே மாதம் எழுத்து மூலம் ஒப்பந்தம். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16இல் பதிவு. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஒரு பிரதேசமே பத்திரம் பதியாத வீட்டில் குடியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் அல்ஜீரியப் போர் என்பார்கள். அந்த நாடு விடுதலை பெற்றது 1962 ஜூலையில், இங்கே பதிவு ஆகஸ்டில். பதிவான பின் 6 மாதங்களுக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். முத்தியால்பேட்டைச் சொல்தா அவர்களில் ஒருவர்.

குண்டு கிராமங்களிலிருந்து இங்கே எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. எல்லைதான் காரணமாக இருக்க வேண்டும். கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலைத் தாண்டினால் ஒரு ஆட்சி. நான்கு வயல் தள்ளி மறுபடி வேறு ஆட்சி. கடலூரில் செண்ட் கணக்கு. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் 576 சதுர அடி கொண்ட குழிக் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்தவரிடம் குழி என்றால் அவர் 144 சதுர அடி என்று நினைத்துக்கொள்வார். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

1 ஜூலை

நேற்று முதல் சுற்று. இங்கிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களின் வாக்கு, வெளிநாடு வாழ்வோருக்கான 11ஆம் தொகுதியில் சேரும். முத்தியால்பேட்டை வாரிசுகளில் உள்ளூரில் இருப்பவர் வாக்களித்துவிட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். வயது 74. யார் வெல்வார் என்று கேட்டேன். “யார் வந்தாலும் பென்சன் வரும் தம்பி, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் அனுப்புங்கள்” என்றார். அனுப்பினேன். உலக அரசியலில் எனக்கிருக்கும் ஆர்வத்தில் கால் பங்குகூட அவருக்கு இல்லை. அதில் அவருக்கு வாக்கு உண்டு, எனக்கு இல்லை.

7 ஜூலை

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். உலகச் செய்தி தெரியாமல் தரகு செய்ய முடியாது என்று பெருமையாக எழுதிவிட்டேன். தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும் அல்லவா?

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்று மாலை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் அழைத்தார். மகன் அங்கே மருத்துவம் மூன்றாம் ஆண்டு. மகனுக்காக என்று வாங்கிப் போட்டிருந்த மனை ஒன்று, முக்கால் கிரவுண்டு, உடனே போக வேண்டும்; எல்லையைக் கடக்கவும், விமானத்துக்கும், அதன் பிறகு வேறு கல்லூரியில் சேர்க்கவும் பணம் வேண்டும் என்றார். குரல் சீராக இல்லை. நான் அந்த நாட்களில் காலையும் மாலையும் செய்தியைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தவன். இரண்டு மூன்று நாட்களில், ருமேனியா, ஹங்கேரி, போலந்து எல்லைகளுக்கு வந்து சேரும் மாணவர்களை அரசு தன் செலவில் அழைத்து வருகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. இரும்புக் கம்பியின் விலை ஏறும், கட்டுவோர் தயங்குவார்கள், ஆகவே மனைக்கு இப்போது விலை குறைத்துக் கேட்கலாம் என்பதும் தெரிந்தது. முதலில் சொன்னதை நான் அந்தத் தந்தையிடம் சொல்லவில்லை. இரண்டாவதை, மனை வாங்க வந்தவரிடம் சொன்னேன். வெளி விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக, ஒன்பதாம் நாளில் கிரயம் முடிந்தது. இரு பக்கமும் கமிஷன் வாங்கினேன். பையன் மார்ச் இரண்டாம் வாரத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தான். எல்லை தாண்டிய பிறகு பயணத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை, பத்திரத்தில் குற்றமில்லை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகருக்கு விதிக்கும் கடமைகளில் எதையும் மீறியதாக என் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால், கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் உலகச் செய்தியை விளம்பரம் என்றீர்கள். விளம்பரமாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

9 ஜூலை

திட்டியவர்களுக்கு நன்றி. மன்னித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். ‘எல்லாத் தரகர்களும் அப்படித்தான்’ என்று ஆறுதல் சொன்னவர் எந்தத் தரகரிடம் வீடு வாங்கினார் என்று அறிய விரும்புகிறேன்.

வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இல்லை.

14 ஜூலை

இன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சு தேசிய நாள். மோட்டார் ரிப்பேர் பெரியவர் பதக்கங்களோடு நின்றார், கைகாட்டினார். திரும்பி வரும்போது ஊர்ப்பணியைப் பற்றி இதுவரை எதுவும் எழுதவில்லையே என்று தோன்றியது. கேள்வியில் அதுதான் முதலில் இருந்தது.

தரகன் என்பவனுக்குத் தெருவைப் பற்றித் தெரிந்த ஒன்று, மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது: எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார். 2004 டிசம்பர் 26 காலை தேவனாம்பட்டினத்திலிருந்து மக்கள் ஈரத்துணியோடு மஞ்சக்குப்பம் வரை ஓடி வந்தபோது, பள்ளிகளும் மண்டபங்களும் நிறைந்துவிட்டன. நான் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அழைத்து, பூட்டிய வீடுகளைத் திறக்க அனுமதி கேட்டேன். ஏழு பேரைக் கேட்டதில் ஐந்து பேர் ஒரே வார்த்தையில் சரி என்றார்கள். ஒருவர் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒருவர் எடுக்கவில்லை, அவர் வீட்டையும் திறந்தேன், பிறகு சொன்னேன். அந்த ஐந்து பேரில் மூவர் பின்னாளில் தங்கள் வீட்டை என் மூலமாகவே விற்றார்கள். அன்று நான் அதை எண்ணிச் செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். இன்று ஒரு வெள்ளம் வந்தால் எண்ணாமல் செய்வேனா என்றால், சத்தியம் செய்ய மாட்டேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் குழப்பமானது. எங்கள் நகருக்குப் பின்னால் ஓடும் வடிகால் வாய்க்கால் தூர்ந்து, என் வீட்டுக்குள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சங்கத்தின் சார்பில் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். பதினொரு மனு கொடுத்த பிறகு தூர் வாரினார்கள். வாய்க்காலின் மறுகரையில் ஒரு மனைப்பிரிவு இருந்தது. தண்ணீர் நிற்கும் இடம் என்று அதை யாரும் வாங்கவில்லை. தூர் வாரிய மறு ஆண்டில் செண்டுக்கு நல்ல விலை ஏறியது. அந்த மனைப்பிரிவில் ஆறு மனைகள் விற்பனைக்கு என் கையில் இருந்தன. மனுக்களில் கையெழுத்திட்ட 140 குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? செயற்குழுவில்கூட நான் சொல்லவில்லை. வாய்க்கால் தூர் வாரப்பட வேண்டியதுதான். என் வீட்டுக்குள் வந்த தண்ணீரும் உண்மையான தண்ணீர்தான். இருந்தாலும் கேட்டவருக்கு இரண்டாவது மதிப்பெண்.

25 ஜூலை

நிதிநிலை அறிக்கை வந்து இரண்டு நாட்களாகக் கைப்பேசி ஓயவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். வீடு, மனையை நீண்ட காலம் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தின் மேல் இதுவரை 20 விழுக்காடு வரி, ஆனால் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடலாம். ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு, உயர்த்திக் கணக்கிடும் வசதி இல்லை. பழைய சொத்து, மெதுவாக விலை ஏறிய சொத்து என்றால் இழப்பு. வேகமாக ஏறியது என்றால் லாபம். முத்தியால்பேட்டை வாரிசுகளுக்கு, “எல்லோருக்கும் இதுதான், உள்ளூர்க்காரர் வெளிநாட்டுக்காரர் என்ற வேறுபாடு இல்லை, அவசரம் வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறேன்.

8 ஆகஸ்ட்

மேலே உள்ளதைத் திருத்துகிறேன். நேற்று மக்களவையில் நிதி மசோதாவில் திருத்தம் கொண்டுவந்து விட்டார்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் என்றால், பழைய முறை, புதிய முறை இரண்டில் வரி எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே. வெளிநாட்டில் வசிப்போருக்கு இல்லை. ஆக, ஒரே வீடு, ஒரே தாத்தா, மூன்று வாரிசுகள். மூவருமே பிரெஞ்சுக் குடிமக்கள். ஆனால் இங்கேயே வசிக்கும் பெரியவருக்குத் தேர்வு உண்டு, அங்கே வசிக்கும் இருவருக்கு இல்லை. கடவுச்சீட்டு அல்ல, வசிப்பிடமே கணக்கு. வேறுபாடு இல்லை என்று நான் சொன்னது பதினான்கு நாட்களில் பொய்யாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் நீண்ட அமைதி, பிறகு, “பாகூரில் வயல் ஏதாவது வாங்கிப் போடலாமா?” என்று கேட்டார். வெளிநாட்டு இந்தியரும் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்க முடியாது என்று விளக்கினேன். மறுபடியும் அமைதி. கிரயம் இன்னும் முடியவில்லை. ஐரோப்பாவில் தேர்தல் முடிந்து ஒரு மாதமாகிறது. இப்போது தாமதத்துக்குக் காரணம் தில்லி.

12 ஆகஸ்ட்

திருப்பாதிரிப்புலியூர் தந்தையைப் பார்த்தேன். பாடலீசுவரர் கோயில் சன்னிதித் தெருவில் தற்செயலாக என்று எழுத ஆசை. உண்மையில் வீட்டுக்கே போனேன், உறையில் கமிஷன் தொகையோடு. விமானம் இலவசம் என்பது எனக்கு அப்போதே தெரியும், சொல்லாமல் விட்டேன் என்றேன். அவர் தண்ணீர் கொடுத்தார். “எனக்கும் தெரியும் சார். நானும் பேப்பர் படிக்கிறேன். பையன் நிலவறையில் உட்கார்ந்திருக்கும்போது எதை நம்புவது? பணம் கையில் இருந்தால்தான் அன்றைக்குத் தூக்கம் வந்தது. விலை குறைவு என்பதும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். உறையை மேசையிலேயே தள்ளி வைத்தார். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டரை ஆண்டுகளாக, எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நான் மறைத்ததாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். அந்த வருத்தத்துக்குள்ளும் நான் தெரிந்தவன், அவர் தெரியாதவர் என்ற எண்ணம் இருந்திருக்கிறது. கரும்பலகையில் பிரான்சு பற்றி எழுதியதும் அதே கைதான். இதனால் நான் மறைத்தது சரியாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது மறுபடி மன்னிக்கக் கிளம்புவதற்கு முன்.

உறை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

14 ஆகஸ்ட்

செயற்குழுவில் இரண்டு செய்திகள் சொன்னேன். வாய்க்காலுக்கு மறுகரை மனைகளைப் பற்றிய பழைய கதை ஒன்று. இனிமேல் சங்கம் எந்த இடத்துக்காக மனு கொடுத்தாலும், அதன் அருகில் என் கையில் விற்பனைக்கு இருக்கும் மனைகளை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவேன் என்பது மற்றொன்று. பொருளாளர், “அதுவும் விளம்பரம்தானே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பதில் இல்லாத காரணத்தால். இறுதியில் விலையும் பரப்பும் எழுதக் கூடாது, சர்வே எண் மட்டும் எழுத வேண்டும் என்று தீர்மானம் ஆனது. உலகச் செய்தி எழுதலாமா என்று நானே கேட்டேன். ஒரு அம்மா, “எழுதுங்கள், பேத்திக்குப் பொது அறிவுக்கு ஆகும், ஆனால் தண்ணீர் நேரத்தைப் பெரிதாக எழுதுங்கள்” என்றார்.

16 ஆகஸ்ட்

காலையில் கிழூர் நினைவிடத்தில் கொடியேற்றம். 1954இல் நடந்த வாக்கெடுப்பைப் பார்த்தவர்கள் இனி எத்தனை ஆண்டு வருவார்கள் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். ஆதரவு 170 என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த 8 பேரின் மேல்தான் ஆர்வம். அவர்களும் தங்கள் ஊர் நன்மை என்று எதையோ கணக்கிட்டுத்தான் வாக்களித்திருப்பார்கள். அவர்களுக்கு எந்தக் கரையில் எத்தனை மனை இருந்ததோ.

மாலையில் திரும்பி வந்து பலகையைப் பார்த்தேன். நேற்று நான் எழுதிய மூன்று சர்வே எண்கள் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், சாக்பீசால், ‘புதன், வியாழன் இரண்டு நாளும் தண்ணீர் வரவில்லை. செயலாளர் கவனிக்க’ என்று இருந்தது. கேள்வி கேட்ட நண்பரே, அது உங்கள் எழுத்தாக இருந்தால், மோட்டார் அறைச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது; ஆள் நாளை காலை ஏழு மணிக்கு வருகிறார்.